வாயை அடைக்கச் சொல்லி நான் கேட்ட துஆ

என் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. அது என்ன கட்டி என்று தெரிய எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. அது ஏன் வந்தது என்று சொல்ல மட்டும் எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு டீ ஆறுகிற நேரம்கூடத் தேவைப்படவில்லை.

சகோதரிகளே, நான் கேட்ட துஆவுக்கு அல்லாஹ் கொடுத்த பதிலைச் சொல்லத்தான் இந்தப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். யார் மனமும் நோகாமல் எழுதும்படி என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அவருக்கென்ன, சொல்வார். கட்டி அவருக்கு வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்குப் புளி மண்டி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புளியும் கடுக்காயும் எங்களிடம் வரும். முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு. மண்டிக்கு என் வீட்டுக்காரர் முதலாளி என்று போர்டில் எழுதியிருக்கும். வீட்டுக்கும் மண்டிக்கும் சேர்த்து உண்மையான முதலாளி என் பெரிய நாத்தனார் ஜமீலா அக்கா. கல்யாணமான சூட்டோடு கணவரைப் பறிகொடுத்து, பிள்ளை இல்லாமல், பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். தாயில்லாத தம்பியையும் தங்கையையும் வளர்த்து ஆளாக்கியவர். அந்த நன்றிக்காக என் வீட்டுக்காரர் அவர் முன்னால் உட்காரக்கூட மாட்டார்.

ஜமீலா அக்காவுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் தெரியும். மழை ஏன் பெய்யவில்லை, அரிசி ஏன் குழைந்தது, எதிர்வீட்டு மருமகளுக்கு ஏன் பிள்ளை தங்கவில்லை, எதைக் கேட்டாலும் பதில் தயார். கேட்காவிட்டாலும் பதில் வரும். அவர் ஒரு நாளாவது "தெரியல" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கொரோனா அடங்கிய மறு வருஷம். என் மகன் ரியாஸுக்கு இரண்டு வயது நிறையப் போகிற நேரம். இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தான். தியாகதுருகத்தில் கட்டிக்கொடுத்திருந்த சின்ன நாத்தனார் ஷாஹிதா பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஹசீனா என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்த கையோடு ஷாஹிதாவுக்குக் கடுமையான ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். புட்டிப் பாலைக் குழந்தை துப்பியது. தொண்டை வறண்டு கத்தியது. என்னிடம் பால் இருந்தது. எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். இதில் யாரைக் கேட்க வேண்டும்?

ஜமீலா அக்கா அப்போது உளுந்தூர்பேட்டையில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பெண்ணுக்கு நெருங்கிய சொந்தம் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் தங்கிவிட்டார். திரும்பி வந்தபோது ஹசீனா கன்னம் வைத்துத் தேறியிருந்தாள். குழந்தையைப் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் முகம் இருண்டுவிட்டது.

விஷயம் இதுதான். ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள், அவர்களுக்குள் நிக்காஹ் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஜமீலா அக்காவோ, ஷாஹிதா முழுகாமல் இருக்கும்போதே, பெண் பிறந்தால் ரியாஸுக்கு என்று மனதுக்குள் முடிபோட்டு வைத்திருந்தார். அப்போதுதான் மண்டியும் வீடும் வெளியாள் கைக்குப் போகாதாம். மாப்பிள்ளைக்கு இரண்டு வயது, பெண்ணுக்கு இன்னும் தலை நிற்கவில்லை. அதற்குள் கல்யாணம் முறிந்துவிட்டது என்று வீட்டில் எழவு விழுந்த மாதிரி உட்கார்ந்தார்.

"இன்னா காரியம் பண்ணிட்ட மெஹரு? கட்டிக்க வேண்டியதுங்கள கூடப் பொறந்ததுங்களா ஆக்கிட்டியே" என்றார்.

குழந்தை பசியில் கத்தியது என்று சொன்னேன். ஆட்டுப்பால் இல்லையா, மாட்டுப்பால் இல்லையா என்று கேட்டார். பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்று ஒரு டாக்டரைக் கேட்கலாம் என்றேன். டாக்டருக்கு என்ன தெரியும் என்றார். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் அங்கேதான் போய் முடியும்.

எனக்குப் பால் ஜாஸ்தியாக இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என்று அன்றே கண்டுபிடித்தார். ஷாஹிதா தேறி வந்துவிட்டாள், ரியாஸுக்கும் இரண்டு வயது ஆகிவிட்டது, இனி பாலை நிறுத்து என்று உத்தரவு. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தலாம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் காத்திருக்கவில்லை. முழம் முழமாக மல்லிகைப்பூ வாங்கி வந்தார். பூவை மார்பில் வைத்து, அதன்மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, மூச்சு முட்ட இழுத்துக் கட்டினார். பூ வாடினால் வேறு பூ. பால் நெறிகட்டி வலித்தது. ஜுரம் அடித்தது. வாசனையில் வாந்தி வந்தது. இன்றைக்கும் மல்லிகைப்பூக் கூடை தெருவில் போனால் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

பால் நின்றது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் ஒரு நாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. தொட்டால் நகர்ந்தது. அழுத்தினால் வலித்தது. நான் அப்படியே ஈரத்தோடு நின்றுவிட்டேன். ரியாஸ் வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் போய்விட்டால் இவனை யார் பார்ப்பார்கள்? முதலில் வந்த எண்ணம் அதுதான். பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. சோறு இறங்கவில்லை. தொழுகையில் ஸஜ்தாவுக்குக் குனிந்தால் அந்த இடம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அக்காவிடம் சொன்னார். அதோடு என் கட்டி ஊர்ச் சொத்து ஆகிவிட்டது.

ஜமீலா அக்கா உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தொட்டுப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வலிக்குதா?"

அழுத்தினால் வலிக்கிறது என்றேன்.

"வலிச்சாதான் கெட்ட கட்டி. வலிக்காம இருந்தா வெறும் கொழுப்பு, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவும்" என்றார். மருத்துவக் கல்லூரியில் பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறியவர் போல அவ்வளவு உறுதியாகச் சொன்னார். பிறகு காரணத்தையும் சொன்னார். அடுத்தவள் பிள்ளைக்கு மாரைத் திறந்தால் அது சும்மா விடாதாம். பால் கொடுக்காத மார்பில் இதெல்லாம் வரவே வராதாம்.

அடுத்து ஆரம்பித்தது தெரு. பக்கத்து வீட்டு மாமி, கறுப்பு நிறத்தில் உள்ளாடை போட்டதால் வந்தது என்றார். நான் கறுப்பு போட்டதே இல்லை என்றேன். அப்படியானால் இறுக்கமாகப் போட்டிருப்பாய் என்றார். ஒன்று போனால் இன்னொன்று கையில் வைத்திருக்கிறார்கள். என் சித்தி மகள் ஒருத்தி செல்போனில் வருகிற எல்லாவற்றையும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவள். பிளாஸ்டிக் பாட்டில், பவுடர், கோழிக்கறி, செல்போனை நெஞ்சோடு வைத்துக்கொள்வது என்று அவளிடமிருந்து காரணம் வந்துகொண்டே இருந்தது. செல்போன்தான் காரணம் என்கிற செய்தியையும் செல்போனில்தான் அனுப்பினாள். ஓதிப் பார்க்கிறேன் என்று சொல்லித் திரியும் ஒருவர், திறந்த இடத்தில் வைத்துப் பால் கொடுத்திருப்பேன், கண் பட்டிருக்கிறது என்றார். என்னைப் பார்க்காமலே, என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினார். அல்லாஹ்வின் கலாமை வைத்துக்கொண்டு இப்படி வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆட்களைக் கண்டால் எனக்குக் கால் செருப்பு ஞாபகம் வருகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், அப்படித்தான் வருகிறது.

இத்தனை பேரில் ஒருவர்கூட டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்கவில்லை. நானே கேட்டேன். ஜமீலா அக்கா உடம்பெல்லாம் பதறி மறுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசியால் குத்துவார்கள், குத்தினால் உடம்பு முழுக்கப் பரவிவிடும், சும்மா இருந்த கட்டியைக் குத்தித்தான் பல பேரைக் கொன்றிருக்கிறார்கள் என்றார். யாரைக் கொன்றார்கள் என்று கேட்டேன். பெயரா முக்கியம் என்றார். அந்தப் பேச்சில் மட்டும் அவர் குரல் நடுங்கியது. என் மேல் இருக்கிற அக்கறை என்று என் வீட்டுக்காரர் உருகினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அக்னி வெயிலிலும் வீட்டுக்குள்கூடத் துப்பட்டாவை இறுக்கிப் போர்த்திக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு எனக்கு உபதேசம் செய்வார். அதைக்கூட நான் பெருமைக்காகச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் மலை வைத்தியம் என்று முடிவானது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற ரோட்டில் ஒருவன் கொட்டகை போட்டிருந்தான். ஆதிவாசி வைத்தியர் என்று பெரிய பேனர். கழுத்து நிறையக் கொட்டை மாலை. பேச்சைக் கேட்டாலே தெரிந்தது, மலைக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் மண்டிக்குப் புளி கொண்டுவரும் மலைக்காரப் பெண்ணிடம் பிறகு விசாரித்தேன். அவன் உளுந்தூர்பேட்டைப் பக்கத்து ஆள், ரோட்டுக் கடையில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவன், மேலே ஊரில் யாரும் அவனிடம் போவதில்லை என்று சொல்லிச் சிரித்தாள். மலையில் இருக்கிறவர்கள் நம்பாத மலை வைத்தியனை நம்பி நாங்கள் பஸ் ஏறிப் போயிருக்கிறோம்.

அவன் என் நாடியைப் பிடித்தான். உடம்புச் சூடு, கெட்ட ரத்தம் கட்டியாகிவிட்டது என்றான். பச்சையாக ஒரு விழுதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். கட்டியின் மேல் பூசித் துணி கட்டச் சொன்னான். அவன் முன்னால் ஜமீலா அக்கா அதிசயமாகப் பணிவோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்விதான் கேட்டார். வலி இல்லாத கட்டிக்கும் இது ஆகுமா என்று கேட்டார். எல்லாக் கட்டிக்கும் ஆகும் என்றான் அந்தப் புண்ணியவான். ஜமீலா அக்கா கூடுதலாக ஒரு பொட்டலம் வாங்கி மடியில் செருகிக்கொண்டார். எனக்காகத்தான் வாங்குகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

விழுதைப் பூசிய மறுநாள் மார்பு தீயாக எரிந்தது. சாயங்காலம் அஸர் பாங்கு சொன்னார்கள். வீட்டுக்குள் விருந்தாளிகள், எல்லோரும் என் கட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் புளிக் கிடங்குக்குள் போய், மூட்டைகளுக்கு நடுவே முஸல்லாவை விரித்துத் தொழுதேன். தொழுது முடித்துக் கையேந்தினேன். துஆ என்றால் உருகிக் கேட்பார்கள், அழுது கேட்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஜமீலா அக்காவின் குரல், யாருக்கோ என் பாலின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் கேட்ட துஆவை அப்படியே எழுதுகிறேன். "யா அல்லாஹ், இது ஏன் வந்துச்சுன்னு உனக்குத் தெரியும், இவங்களுக்குத் தெரியாது. எனக்கு ஷிஃபா குடு, நோவக் கொணமாக்கு. அது உன் இஷ்டம். ஆனா காரணம் சொல்லிக்கினே இருக்கற இந்த வாய அடைச்சு வை. மொதல்ல எங்க நாத்தனார் வாய."

இப்படியும் ஒரு துஆவா என்று நீங்கள் நினைக்கலாம். பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் கேட்டது அதுதான். படைத்தவனிடம் போய் இல்லாத மனதை இருப்பதாகக் காட்டி என்ன ஆகப்போகிறது?

பதில் மறுநாளே ஆரம்பித்தது. பூசிய இடம் முழுக்கக் கொப்புளம் கிளம்பித் தோல் பொத்துவிட்டது. நீர் வடிந்தது. அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் மிரண்டுபோனார். வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவைக் கேட்காமல் ஆட்டோ கூப்பிட்டார். பரோட்டா வைத்தியனின் மருந்து செய்த ஒரே நன்மை இதுதான், அதை நான் மறைக்க மாட்டேன். ஜமீலா அக்கா வழியை மறித்தார். பிறகு புண்ணுக்கு மருந்து போட மட்டும் போகலாம், கட்டியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். நான் வாயைத் திறக்காமல் இருக்கிறேனா என்று பார்க்க அவரும் ஆட்டோவில் ஏறினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். சிரித்துப் பேசுகிற ரகம் இல்லை. புண்ணைப் பார்த்தார். இந்த இடத்தில் எதற்காகப் பச்சிலை பூசினாய் என்று கேட்டார். நான் கட்டியைச் சொன்னேன். நிபந்தனையாவது ஒன்றாவது. ஜமீலா அக்கா உடனே குறுக்கே வந்து, ஹசீனாவின் பசியில் தொடங்கி முறிந்துபோன கல்யாணம் வரை காரணத்தை வரிசையாகச் சொன்னார். டாக்டர் அதைக் காதில் வாங்கிக்கொண்டே என்னைப் படுக்கவைத்து இரண்டு பக்கமும் அக்குளும் தடவிப் பார்த்தார். ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

ஜமீலா அக்கா எனக்கும் டாக்டருக்கும் நடுவில் வந்து நின்றார். ஊசி பட்டால் பரவிவிடும் என்று கையைக் கூப்பினார். அப்படியெல்லாம் பரவாது என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. அவர் கண்ணில் நிஜமாகவே பயம் இருந்தது. எனக்கும்தான் பயம். ஆனால் மாதக்கணக்காக எல்லோருடைய காரணத்தையும் கேட்டுக் கேட்டு, ஊசி எவ்வளவோ மேல் என்று தோன்றிவிட்டது. பிஸ்மில்லாஹ் சொல்லி, குத்துங்கள் என்றேன்.

ஊசிக் குழாயில் வெள்ளையாக ஏறியது. கொஞ்சம் கெட்டியாக, மஞ்சள் கலந்த வெள்ளை. டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பால்மா" என்றார்.

என் கை தானாக அந்த இடத்துக்குப் போனது. நெல்லிக்காய் இல்லை. அமுங்கிப் போயிருந்தது. புற்றுநோய், கண், சூடு, கெட்ட ரத்தம் என்று நான் செத்துச் செத்துப் பிழைத்ததெல்லாம் ஒரு ஸ்பூன் பாலுக்கு. அங்கேதான் எனக்கு முதல்முறை அழுகை வந்தது. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார். மறுபடி வந்து காட்ட வேண்டும் என்றார். பிறகு வந்த முடிவும் அதையே சொன்னது.

நான் அழுதுகொண்டிருக்க, ஜமீலா அக்கா வெற்றிக் களிப்பில் இருந்தார். பால்தான் காரணம் என்று நான் அப்போதே சொன்னேனே என்று டாக்டருக்கே விளக்க ஆரம்பித்தார். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னார். அடுத்த பிள்ளைக்குக் கொடுத்ததால் வரவில்லை. பால் வரும் குழாய் அடைத்து உள்ளேயே தங்கிவிட்டது. சட்டென்று நிறுத்தி இறுக்கிக் கட்டினால் இப்படி அடைக்கலாம். மார்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை கெட்ட கட்டி இல்லை, நீர்க்கட்டி உண்டு, நார்க்கட்டி உண்டு, சீழ் உண்டு, அடிபட்டால் கொழுப்பு இறுகுவதும் உண்டு. ஆனால் எது எது என்று வெளியே நின்று யாரும் சொல்ல முடியாது. பால் கொடுப்பது நல்லதுதான், சொல்லப்போனால் பிள்ளை பெறாத, பால் கொடுக்காத பெண்களுக்குத்தான் புற்றுக்கட்டி வர வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. அதற்காக அது அவர்கள் குற்றமும் இல்லை.

ஜமீலா அக்கா விடவில்லை. கடைசி ஆயுதத்தை எடுத்தார். "வலிச்சாதானுங்க கெட்டது?" என்றார்.

டாக்டர் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். "இல்லம்மா. வலி இல்லாம, கெட்டியா, நகராம இருக்கறதத்தான் நாங்க மொதல்ல பார்ப்போம்."

ஜமீலா அக்காவின் வாய் அடைத்துவிட்டது.

எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளபடி சொல்கிறேன். சந்தோஷமாக இருந்தது. அஸர் நேரத்தில் கேட்டது மறுநாள் மதியம் லுஹருக்குள் கிடைத்துவிட்டது என்று மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இந்த முகத்தைத் தெரு முழுக்க வந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்பலாமா என்றேன். அவர் நகரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை துப்பட்டாவின் மேலே, வலது பக்கம், அழுத்திப் பிடித்தபடி இருந்தது.

"டாக்டரம்மா, எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க" என்றார். "ரெண்டு வருஷமா இருக்குது. வலியே இல்லீங்க."

ஜமீலா அக்காவுக்கு அவ்வளவு சின்னக் குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து திரையை இழுத்துவிட்டார். நான் உள்ளேயே நின்றேன். துப்பட்டாவை எடுத்தபோது பார்த்தேன். அந்தப் பக்கத்துத் தோல் ஒரு இடத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கியிருந்தது. அதன் ஓரத்தில் பொத்துப்போன கொப்புளம். என் புண்ணைப் போலவே. மடியில் செருகிய பொட்டலம் யாருக்கு என்று அப்போது விளங்கியது. எனக்கு மாதக்கணக்காகச் சொன்ன காரணம் எல்லாம், வலிச்சால் கெட்டது, பால் கொடுத்தால் வருவது, ஊசி பட்டால் பரவும் என்பதெல்லாம், அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவை. எனக்கு வலித்தது, எனக்கு வந்தது பாலால் என்று சொல்லச் சொல்ல, தனக்கு இருப்பது வேறு என்று அவர் பிழைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவருடையது பால் இல்லை. புற்றுதான். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஒரு மார்பை எடுத்தார்கள். அதற்குப் பிறகு மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்காத நாட்கள் இருந்தன. நான்தான் கூட இருந்தேன். ரியாஸை ஷாஹிதா தியாகதுருகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அவனும் ஹசீனாவும் அண்ணன் தங்கையாக அங்கே ஒன்றாக வளர்ந்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று புதுச்சேரி டாக்டர் சொன்னார். ஏன் இது எனக்கு வந்தது என்று ஜமீலா அக்கா அவரிடம் கேட்டார். ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது, என்ன என்று தெரியும், அதற்கு வைத்தியம் தெரியும் என்றார் அவர். தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆளைப் பார்க்க நாங்கள் புதுச்சேரி வரைக்கும் போக வேண்டியிருந்தது.

வீடு திரும்பியதும் தெரு மறுபடி வந்தது. அதே பக்கத்து வீட்டு மாமி, அதே சித்தி மகள். இப்போது காரணம் மாறியிருந்தது. பால் கொடுத்ததால் எனக்கு வந்தது என்பதற்கும் ஆமாம் போட்ட அதே வாய்கள், பிள்ளை பெறாத உடம்பு, பால் கொடுக்காத மார், அதனால்தான் ஜமீலாவுக்கு வந்தது என்றன. கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் காதுபடவே சொன்னார்கள். ஜமீலா அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவர்கள் வாங்கி வந்த பழத்தை அவர்கள் மடியிலேயே திருப்பிப் போட்டு, வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். என்ன சொல்லி அனுப்பினேன் என்பதை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

சகோதரிகளே, நான் சின்னதாகக் கேட்டேன். ஒரு வாயை அடைக்கச் சொல்லிக் கேட்டேன். அவன் எனக்குக் கொடுத்தது வேறு. இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்ததைத் திறந்துவிட்டான். என் கட்டியும், பரோட்டா வைத்தியனின் புண்ணும்கூட அந்த வழியில் வைத்த கற்கள் என்றுதான் நான் நம்புகிறேன். வேறு எந்த வழியிலும் ஜமீலா அக்காவை ஒரு டாக்டரின் அறைக்குள் யாராலும் அழைத்துப் போயிருக்க முடியாது. இதை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை.

நீங்களும் அவனை நம்புங்கள். நம்பிவிட்டுப் பஸ் ஏறுங்கள். குளிக்கும்போது கையில் ஏதாவது தட்டுப்பட்டால் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தெருவைச் சுற்றி வராதீர்கள். ஏன் வந்தது என்று சொல்ல வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்காதீர்கள். டீ கொடுத்தால் மறுநாளும் வருவார்கள்.

ஜமீலா அக்கா இப்போது மண்டிக்கு வந்து உட்காருகிறார். முடி வளர்ந்துவிட்டது. குரலும் பழையபடி வந்துவிட்டது. போன மாதம் மலையிலிருந்து புளி கொண்டுவந்த அந்தப் பெண், மூட்டையை இறக்கிவிட்டு, மார்பில் ஏதோ உருண்டையாக இருக்கிறது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நான் பதில் சொல்வதற்குள் தராசுக்குப் பின்னாலிருந்து ஜமீலா அக்கா எழுந்து வந்தார்.

"வலிக்குதா?"

"வலிக்கலக்கா."

"அப்ப இன்னாத்துக்கு இங்க நின்னுக்கினு இருக்கற? வா, நான் கூட வரேன்" என்று செருப்பை மாட்டினார். ஆட்டோவில் ஏறும்வரை அவளைத் திட்டிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரி வரையிலும் அந்த வாய் ஓயாது என்று எனக்குத் தெரியும். நான் கிடங்குக்குள் போய் முஸல்லாவை விரித்தேன். அந்தப் பழைய துஆவை நான் மறுபடி கேட்கவில்லை.